பழைய லேப்டாப்புல மொத தடவையா லினக்ஸ் போடறது எப்படி? பத்தாங் பெர்ஜுந்தையிலருந்து ஒரு முழு வழிகாட்டி

2025 அக்டோபர் 14-க்கு அப்பறம் எங்க தாமான்ல (குடியிருப்புல) என்ன பாக்கறவங்க எல்லாம் கேக்கற ஒரே கேள்வி, "தம்பி, கம்ப்யூட்டர தொறந்தா விண்டோஸ் முடிஞ்சிருச்சுன்னு வருது, இது வைரஸா?"

வைரஸ் இல்லக்கா. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்துன தேதி அது. மெஷின் வழக்கம்போல ஓடும், ஆனா பாதுகாப்பு ஓட்டைங்கள அடைக்கற அப்டேட் வராது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வச்சு பதிஞ்சுக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிக்கலாம், அதுக்கப்பறம் வீட்டு கம்ப்யூட்டருக்கு அதுவும் கெடையாது. பேங்க் வேலை, பிள்ளைங்க பாடம் எல்லாம் அதுலதான்னா அப்படியே விட்டுட்டு இருக்கறது நல்லதில்ல.

எங்க ஊரு மலேசியாவுல சிலாங்கூர்ல இருக்கற பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயானு பேர் மாத்தி வருஷக்கணக்காச்சு, இருந்தாலும் வாயில வர்றது பழைய பேருதான். இங்க வீட்டுக்கு வீடு இருக்கற லேப்டாப்புங்க பாதி 2020-ல வாங்குனது. மார்ச் 18-ந்தேதி எம்சிஓ, அதான் கொரோனா ஊரடங்கு, ஆரம்பிச்சு பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டிட்டாங்க, ஆன்லைன் வகுப்புன்னு சொல்லிட்டாங்க, ஆளாளுக்கு கையில இருந்த காசப் போட்டு ஆபீஸ்ல கழிச்சு விட்ட செகண்ட்ஹேண்ட் திங்க்பேட், டெல் லாட்டிடியூட்னு வாங்குனாங்க. நல்ல மெஷின் அதெல்லாம், கீபோர்டெல்லாம் இன்னும் கெட்டியா இருக்கு. ஆனா பெரும்பாலும் இன்டெல் ஆறாவது ஏழாவது தலைமுறை. விண்டோஸ் 11 கேக்கறது எட்டாவது தலைமுறையும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும். அதனால "உங்க கம்ப்யூட்டர் தகுதி இல்ல"ன்னு வந்துருது.

செம்பனைத் தோட்டத்துல உரம் போடற வேலை செய்யற அக்கா ஒருத்தங்க மகளுக்காக சீட்டு காசு எடுத்து வாங்குன லேப்டாப்ப பசார் பையில போட்டு ஒரு கடைக்கு தூக்கிட்டு போனாங்க. "இது இனி ஒண்ணுத்துக்கும் ஆகாது, புதுசு வாங்கிக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த லேப்டாப்புல இப்ப விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் ஓடுது, அந்த பிள்ளை அதுலதான் எஸ்பிஎம் பரீட்சைக்கு படிக்குது. அதனாலதான் இத எழுதறேன். நல்லா இருக்கற பொருள கெட்டுப்போச்சுன்னு சொல்லி கஷ்டப்பட்டு சம்பாதிச்ச காச செலவு பண்ண வைக்கறத பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

லினக்ஸ்னா என்னன்னு ரொம்ப சுத்தி வளைக்க வேணாம். 1991-ல ஹெல்சிங்கி யுனிவர்சிட்டில படிச்சிட்டு இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பிச்ச கெர்னல் அது, அதாவது மெஷின ஓட்டற அடிப்படை புரோகிராம், ஒங்க ஆண்ட்ராய்டு ஹேண்ட்போனுக்குள்ள ஓடறதும் அதேதான். அதுக்கு மேல டெஸ்க்டாப், ஆபீஸ், பிரவுசர் எல்லாம் சேத்து ஒரு பொட்டலமா தர்றதுதான் டிஸ்ட்ரோ. காசு கெடையாது, லைசன்ஸ் கெடையாது.

மாறக்கூடாதவங்க யாரு

இத மொதல்லயே சொல்லிர்றேன், பாதி வழியில வந்து திட்டக்கூடாது. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் வச்சு கல்யாண பத்திரிக்கை, பேனர் அடிக்கறவங்க மாறாதீங்க, அது லினக்ஸுக்கு வர்றதில்ல. கிம்ப், இன்க்ஸ்கேப் நல்ல சாமான்தான், ஆனா நாளைக்கு காலைல கஸ்டமருக்கு பைல் குடுக்கணும்னு நிக்கறப்ப புதுசா கத்துக்க முடியாது. வலோரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி ஆடற பையன் வீட்ல இருந்தா அதுவும் ஓடாது, அந்த கேம்ஸோட ஏமாத்து தடுப்பு லினக்ஸ ஏத்துக்கறதில்ல. கணக்கு வழக்குக்கு விண்டோஸ்ல மட்டும் ஓடற சாஃப்ட்வேர் கடையில இருந்தா அந்த மெஷின தொடாதீங்க.

மத்தபடி யூடியூப், பேஸ்புக், வாட்ஸ்அப் வெப், கூகல் கிளாஸ்ரூம், பேங்க், வருமான வரி பாரம், கூகல் மீட், இப்படி பிரவுசர்ல நடக்கற வேலைதான் ஒங்க வேலைன்னா தாராளமா மாறலாம். ஜூம், டெலிகிராம் ரெண்டுக்கும் லினக்ஸுக்குன்னே ஆப் இருக்கு.

எத போடறது

ஆயிரம் டிஸ்ட்ரோ இருக்கு, ஒவ்வொருத்தரும் ஒண்ண சொல்லி குழப்புவாங்க. என் பேச்ச கேளுங்க, மொத தடவைக்கு லினக்ஸ் மின்ட். கீழ ஓரத்துல மெனு, வலது பக்கம் மணி, ஏறக்குறைய விண்டோஸ் 7 பழகுனவங்களுக்கு கை தானா போற மாதிரி இருக்கும். இப்ப இருக்கற 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. அதுலயே சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு வகை. ரேம் 8 ஜிபி இருந்தா சினமன். 4 ஜிபின்னா எக்ஸ்எஃப்சிஇ, பாக்க கொஞ்சம் சாதாரணமா இருக்கும் ஆனா லேசா ஓடும். 2 ஜிபி தான் குறைஞ்சபட்சம்னு அவங்களே போட்டிருக்காங்க, ஆனா இன்னைக்கு பிரவுசர் ஒண்ணே அத சாப்ட்டுரும், நான் அத சிபாரிசு பண்ண மாட்டேன்.

இன்னொண்ணு, ஒங்க லேப்டாப்புல இன்னும் சுத்தற ஹார்ட்டிஸ்க் இருந்தா, லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) மாட்டிருங்க. 240 ஜிபி போதும். எந்த சிஸ்டம் போட்டாலும் அந்த ஒரு மாத்தம் செய்யற வித்தியாசம் வேற எதுவும் செய்யாது. பழைய ஹார்ட்டிஸ்க் அப்படியே விண்டோஸோட தனியா வெளிய இருக்கும், எதுவும் தப்பா போனா திரும்ப மாட்டிக்கலாம், அதுவும் ஒரு தைரியம்.

பேக்கப், இதுலதான் அவசரப்படக் கூடாது

லினக்ஸ் போடறது அரை மணி நேர வேலை. பேக்கப்புக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. நான் ஆரம்பத்துல என் மாமா வீட்டு கம்ப்யூட்டருக்கு போட்டப்ப டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ரெண்டு போல்டரயும் காப்பி பண்ணிட்டு முடிஞ்சிதுன்னு நெனச்சிட்டேன். அத்தை சாவு வீட்டு படங்கள யாரோ டி டிரைவ்ல தனியா போட்டு வச்சிருந்தாங்க. போயிருச்சு. அத எப்படியும் திருப்பி குடுக்க முடியாது, இன்னைக்கும் மாமா மூஞ்ச பாக்கறப்ப அதான் ஞாபகம் வருது.

அதனால சி டிரைவ், டி டிரைவ் எல்லாத்தயும் தொறந்து பாருங்க. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மறக்காதீங்க, நம்ம ஆளுங்க முக்கியமானத எல்லாம் டெஸ்க்டாப்லதான் வச்சிருப்பாங்க. வீட்ல உள்ள ஒவ்வொருத்தரயும் கூப்ட்டு உக்கார வச்சு "ஒன் சாமான் எங்க இருக்கு"ன்னு கேளுங்க. பிரவுசர்ல சேத்து வச்ச பாஸ்வேர்ட், புக்மார்க் ரெண்டையும் ஏத்துமதி பண்ணிக்கோங்க. காப்பி பண்ணது வெளி ஹார்ட்டிஸ்க்ல ஒண்ணு, முக்கியமான படங்கள் கூகல் டிரைவ்ல ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல இருக்கணும், கூகல்ல 15 ஜிபி சும்மா தர்றாங்க. காப்பி பண்ண பைல்ல நாலஞ்ச தொறந்தும் பாத்துருங்க.

விண்டோஸ்லயே பிட்லாக்கர் இல்லன்னா டிவைஸ் என்கிரிப்ஷன்னு டிஸ்க்க பூட்டி வைக்கற ஒண்ணு ஓடிட்டு இருக்கலாம், செட்டிங்ஸ்ல பாத்து அதோட ரெக்கவரி கீய எழுதி வச்சுக்கோங்க, இல்லன்னா முழுசா ஆஃப் பண்ணிருங்க. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பயும் எடுத்துருங்க, அது இருந்தா விண்டோஸ் முழுசா அணையாம டிஸ்க்க புடிச்சு வச்சிருக்கும்.

டவுன்லோட், பென்டிரைவ்

மின்ட்டோட ஐஎஸ்ஓ பைல், அதாவது முழு சிஸ்டமும் அடங்குன ஒரே பைல், கிட்டத்தட்ட 3 ஜிபி. வீட்ல பைபர் இருந்தா பிரச்சன இல்ல. தோட்டத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு லைன் இருந்தாலும், ஹேண்ட்போன் பிளான்ல டேட்டா அன்லிமிட்டடா இருக்கும், ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் கோட்டா வச்சிருப்பாங்க. அப்ப ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புல இறக்காதீங்க. போன்லயே நேரா டவுன்லோட் பண்ணி, கேபிள் போட்டு லேப்டாப்புக்கு மாத்திக்கோங்க, கோட்டா கரையாது. ராத்திரி படுக்கறப்ப போட்டா காலைல பெரட்டுக்கு (தோட்டத்துல பேர் குடுக்க) கெளம்பறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

பைல் மின்ட்டோட சொந்த வெப்சைட்லருந்து மட்டும் எடுங்க. லைன் விட்டு விட்டு வர்ற எடத்துல பைல் அரைகுறையா இறங்கறது சகஜம், அதனால சரிபாக்கணும். செவன்-ஸிப் போட்டிருந்தீங்கன்னா பைல் மேல ரைட் கிளிக் பண்ணா சிஆர்சி எஸ்எச்ஏன்னு ஒரு மெனு வரும், அதுல எஸ்எச்ஏ-256 அழுத்துங்க, ஒரு நீட்டமான எண் வரும். மின்ட் வெப்சைட்ல குடுத்திருக்கற எண்ணோட மொத ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்து ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகலன்னா திரும்ப இறக்குங்க. இத செய்யாம விட்டுட்டு இன்ஸ்டால் பாதியில நின்னு போச்சுன்னு வர்றவங்கதான் அதிகம்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) அஞ்சு வெள்ளி பத்து வெள்ளிக்கு 1 டிபின்னு போட்டு விக்கறத வாங்காதீங்க, உள்ள அவ்ளோ எடமே இருக்காது, எழுதற மாதிரி எழுதி பைல கெடுத்துரும். அப்பறம் ஐஎஸ்ஓவ பென்டிரைவ்ல எழுதறதுக்கு ரூபஸ்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, இலவசம். பென்டிரைவ சொருகி, ரூபஸ தொறந்து, ஐஎஸ்ஓவ காட்டுங்க. 2013-க்கு அப்பறம் வந்த லேப்டாப்னா பார்ட்டிஷன் ஸ்கீம்ல ஜிபிடி, யூஇஎஃப்ஐன்னு வைங்க. ஸ்டார்ட் அழுத்துனா எப்படி எழுதறதுன்னு ஒரு கேள்வி வரும், அது சிபாரிசு பண்ற ஐஎஸ்ஓ மோடே சரி. பென்டிரைவ்ல இருந்ததெல்லாம் அழிஞ்சிரும், அத முன்னாடியே காலி பண்ணிக்கோங்க.

போடறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கறது

லினக்ஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான். டிஸ்க்ல ஒரு எழுத்து கூட மாத்தாம பென்டிரைவ்லருந்தே முழு சிஸ்டத்தயும் ஓட்டிப் பாக்கலாம். புடிக்கலயா, பென்டிரைவ உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணா பழைய விண்டோஸ் அப்படியே நிக்கும்.

மெஷின ஆன் பண்ண ஒடனே பூட் மெனு கீய தட்டணும். டெல், லெனோவோன்னா எஃப்12. எச்பின்னா எஸ்கேப் அழுத்தி அப்பறம் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப். ஏசர்ல எஃப்12 வேலை செய்யும், ஆனா பல மாடல்ல மொதல்ல எஃப்2 அழுத்தி பயாஸ்க்குள்ள (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) போய் எஃப்12 பூட் மெனுவ ஆன் பண்ணணும். கை வேகம் பத்தலன்னா, விண்டோஸ்ல ஷிஃப்ட் கீய அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் குடுங்க, யூஸ் எ டிவைஸ்னு வரும், அதுல பென்டிரைவ தேர்ந்தெடுங்க. மின்ட் மெனு வந்ததும் மொத வரிய அழுத்துங்க. திரை கருப்பா நின்னுட்டா, குறிப்பா என்விடியா கார்டு இருக்கற மெஷின்ல, ரீஸ்டார்ட் பண்ணி கம்பாட்டிபிலிட்டி மோட்னு இருக்கறத எடுங்க.

இப்ப டெஸ்க்டாப் வந்துருச்சு. இன்ஸ்டால் பட்டன பாத்ததும் அழுத்தாதீங்க, ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்து எல்லாத்தயும் சோதிங்க. வைபை புடிக்குதா? யூடியூப்ல ஒரு பாட்டு போட்டு சத்தம் வருதா, ஹெட்போன் சொருகுனா மாறுதா? வெளிச்சம் கூட்டி குறைக்கற கீ வேலை செய்யுதா? கேமரா, மைக்? டச்பேட்ல ரெண்டு வெரல் ஸ்க்ரோல்? மூடிய மூடி தொறந்தா முழிச்சுக்குதா? பென்டிரைவ்லருந்து ஓடறதால எல்லாம் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், அத வச்சு எடை போடாதீங்க.

வைபை வரலன்னா பயப்படாதீங்க, சில பிராட்காம், ரியல்டெக் சிப்புக்கு டிரைவர் தனியா போடணும். ஹேண்ட்போன யூஎஸ்பி கேபிள்ல இணைச்சு, போன்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, லேப்டாப்புக்கு நெட் வந்துரும். அப்பறம் டிரைவர் மேனேஜர தொறந்தா அதுவே தேடி குடுக்கும்.

இன்ஸ்டால்

நேரம் பாத்து ஆரம்பிங்க. எங்க பக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு இடி மழை வந்தா கரண்டு போறது வழக்கம். டிஸ்க்க பிரிச்சிட்டு இருக்கறப்ப கரண்டு போனா டேட்டாவும் போகலாம். காலைல செய்ங்க, லேப்டாப்னா பேட்டரி முழுசா ஏத்திட்டு சார்ஜரும் சொருகி வைங்க.

டெஸ்க்டாப்ல இருக்கற இன்ஸ்டால் ஐகான அழுத்துனா மொழி கேக்கும். தமிழும் இருக்கு, ஆனா எல்லா எடத்துலயும் முழுசா மொழிபெயர்க்கல, உதவி தேடறப்ப மெனு பேரு ஒத்துப்போகவும் வேணும், அதனால மொத தடவ இங்கிலீஷ்லயே போங்க. கீபோர்டு இங்கிலீஷ் யூஎஸ், நம்ம மலேசியா லேப்டாப் எல்லாம் அதான். மல்டிமீடியா கோடெக்ஸ்னு ஒரு கட்டம் வரும், டிக் பண்ணுங்க, பாட்டு வீடியோவுக்கு அது வேணும். மெஷின்ல செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு ஆன்ல இருந்தா புதுசா ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், அத எழுதி வைங்க. ரீஸ்டார்ட் ஆகறப்ப நீலத் திரை வந்து எம்ஓகேன்னு கேக்கும், என்ரோல் எடுத்து அதே பாஸ்வேர்ட குடுத்தா முடிஞ்சது.

அடுத்து வர்ற பக்கத்துல கைய எடுத்துட்டு நல்லா படிங்க. இன்ஸ்டால் அலாங்சைடுன்னா விண்டோஸையும் வச்சுக்கிட்டு பக்கத்துல போடறது. எரேஸ் டிஸ்க்னா முழுசா அழிச்சிட்டு போடறது. எடம் இருந்தா மொத ரெண்டு மாசம் ரெண்டையும் வச்சுக்கோங்க, லினக்ஸுக்கு ஒரு 60, 70 ஜிபியாவது ஒதுக்குங்க. புது எஸ்எஸ்டின்னா யோசிக்காம எரேஸ். சம்திங் எல்ஸ்னு இருக்கறது தெரிஞ்சவங்களுக்கு, நீங்க தொட வேணாம். டிஸ்க்கே காட்டலன்னா பயாஸ்ல ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி மோட்ல இருக்கலாம், அத ஏஎச்சிஐன்னு மாத்தணும், ஆனா முன்னேற்பாடு இல்லாம மாத்துனா இருக்கற விண்டோஸ் கெளம்பாது, ரெண்டையும் வச்சுக்கறவங்க அந்த எடத்துல நிறுத்திட்டு தெரிஞ்சவங்கள கூப்டுங்க.

ஊரு கோலாலம்பூர்னு காட்டுங்க, பேரு, பாஸ்வேர்ட் போடுங்க. பாஸ்வேர்ட காகிதத்துல எழுதி சாமி படத்துக்கு பின்னாடியாவது வைங்க, சாஃப்ட்வேர் போடறப்பல்லாம் இதத்தான் கேக்கும். பதினஞ்சு இருபது நிமிஷத்துல முடிஞ்சு, பென்டிரைவ எடுத்துட்டு என்டர் அழுத்துன்னு சொல்லும்.

ரெண்டு சிஸ்டம் வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிப்பீங்க, விண்டோஸ்க்கு போனா மணி எட்டு மணி நேரம் பின்னாடி காட்டும். மெஷின் கெட்டுப்போகல. லினக்ஸ் உள்கடிகாரத்துல உலக நேரத்த வைக்கும், விண்டோஸ் அத நம்ம ஊரு நேரம்னு எடுத்துக்கும், நமக்கும் உலக நேரத்துக்கும் சரியா எட்டு மணி நேரம். விண்டோஸ் டைம் செட்டிங்ஸ்ல சிங்க் நௌ அழுத்துனா அப்போதைக்கு சரியாகிரும்.

வந்த ஒடனே செய்ய வேண்டியது

வெல்கம் ஸ்க்ரீன்லயே வரிசையா இருக்கும். மொதல்ல டைம்ஷிஃப்ட், இது சிஸ்டத்த அப்படியே படம் புடிச்சு வைக்கற மாதிரி, நாளைக்கு ஏதாவது அப்டேட் கெடுத்தா நேத்து நெலமைக்கு திரும்பிரலாம். வாரத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. ஆனா ஒங்க சொந்த பைல அது சேக்காது, அதுக்கு தனியா பேக்கப் வேணும். அப்பறம் அப்டேட் மேனேஜர், கீழ கேடய சின்னம் இருக்கும், அதுல மிரர (அப்டேட் இறக்கற சர்வர) நமக்கு பக்கத்துல இருக்கறதா மாத்திட்டு அப்டேட் பண்ணுங்க. அப்பறம் டிரைவர் மேனேஜர்.

சாஃப்ட்வேர் வேணும்னா கூகல்ல தேடி .exe பைல் இறக்கற பழக்கத்த விட்டுரணும். சாஃப்ட்வேர் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, போன்ல பிளே ஸ்டோர் மாதிரி, அதுலருந்தே எடுங்க.

தமிழ்ல டைப் பண்றது

நம்ம நாட்டுல முத்து நெடுமாறன் 1985-லருந்து வளத்த முரசு அஞ்சல்லதான் வாத்தியாருங்க, கோயில் கமிட்டி, பத்திரிக்கை ஆளுங்க எல்லாம் பழகியிருக்கோம், போன்ல அவரோட செல்லினம். லினக்ஸ்ல அதுக்கு பதிலா ஐபஸ்னு (IBus) மொழி மாத்தி டைப் பண்ற புரோகிராம் போட்டுக்கணும். சாஃப்ட்வேர் மேனேஜர்ல ibus-m17n-னு தேடி போடுங்க, மெனுவுல இன்புட் மெத்தட் தொறந்து ஐபஸ தேர்ந்தெடுங்க, லாக்அவுட் பண்ணி திரும்ப வாங்க. ஐபஸ் பிரபரன்ஸ்ல ஆட் அழுத்தி தமிழ எடுத்தா தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர்னு டைப் பண்ற முறைங்கள வரிசையா காட்டும். அஞ்சல் முறையில இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சு பழகுனவங்களுக்கு ஃபொனடிக் கிட்டத்தட்ட கைக்கு வரும், ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் மாறும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அழுத்துனா மொழி மாறும்.

கீபோர்டு லேஅவுட்லயும் தமிழ்நெட்99னு ஒண்ணு இருக்கும், அத போட்டு ஏமாறாதீங்க. எழுத்து வரும், ஆனா க-வ ரெண்டு தடவ அடிச்சா தானா புள்ளி வைக்கற வேலைய அது செய்யாது, தமிழ்99-க்கு உயிரே அதுதான்.

இப்ப எல்லா மெஷின்லயும் பொதுவா இருக்கற யூனிகோடு எழுத்து முறைக்கு முன்னாடி டைப் பண்ண பழைய பைல் இருந்தா அந்த எழுத்துருவயும் விண்டோஸ்லருந்து காப்பி பண்ணி கொண்டு வாங்க, ரெண்டு தடவ கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா போதும், இல்லன்னா பைல் முழுக்க கிறுக்கலா தெரியும்.

வேர்ட், எக்செல் பைலெல்லாம் மின்ட்டோடயே வர்ற லிப்ரே ஆபீஸ்ல தொறக்கும். வேர்ட்ல வர்ற கேலிப்ரி எழுத்துருவுக்கு பதிலா கார்லிட்டோன்னு அதே அகலத்துல ஒரு எழுத்துரு இருக்கு, அது போட்டா வரி ஓடாது. ஸ்கூலுக்கு அனுப்பற பைல வேர்ட் வடிவத்துல சேவ் பண்ணுங்க, பிரின்ட் அடிக்க மட்டும்னா பிடிஎஃப். பிரின்டர் எச்பி, பிரதர், எப்சன்னா பெரும்பாலும் சொருகுன ஒடனே புடிச்சுக்கும். கேனன் பழைய லேசர் எல்பிபி மாடல் சிலது ரொம்ப படுத்தும், அது வீட்ல இருந்தா பென்டிரைவ்லருந்து ஓட்டிப் பாக்கறப்பவே சொருகிப் பாத்துருங்க.

அந்த மின்ட் பென்டிரைவ அழிச்சு பாட்டு ஏத்திராதீங்க. மேல ஒரு பிளாஸ்டர் ஒட்டி மின்ட்னு எழுதி டிராயர்ல போட்டு வைங்க. என்னைக்காவது லேப்டாப் கெளம்பலன்னா, இல்ல பக்கத்து வீட்டு விண்டோஸ் படுத்துட்டா, அத சொருகி பூட் பண்ணி உள்ள இருக்கற படம், பாடம் எல்லாத்தயும் வெளி ஹார்ட்டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு, அதுக்கப்பறம் கடைக்கு தூக்கிட்டு போகலாம்.